வீட்டிலிருந்தபடியே பங்கோடு வாழ்தல்: வடசென்னைக் கத்தோலிக்க இல்லங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று நீளும் கடற்கரைப் பங்குகளிலும் (பங்கு என்பது ஓர் ஆலயத்தைச் சார்ந்த மக்கள் சமூகம்), பெரம்பூர், வியாசர்பாடி, பழைய வண்ணாரப்பேட்டை போன்ற நெருக்கமான பகுதிகளின் பங்குகளிலும், ஐம்பது ஆண்டுகள் ஞாயிறு தவறாமல் திருப்பலிக்கு (பூசைக்கு) வந்துவிட்டு, பிறகு முழங்கால் தேய்மானத்தாலோ பக்கவாதத்தாலோ டயாலிசிஸ் சிகிச்சையாலோ வீட்டோடு நின்றுவிட்ட பெரியவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். ஆலய மணியோசை காதில் விழும் தூரத்தில்தான் அவர்களில் பலர் வாழ்கிறார்கள். அவர்களைத் தடுப்பது பெரும்பாலும் லிஃப்ட் இல்லாத அடுக்குமாடிக் கட்டடத்தின் மூன்றாவது மாடியும், கைப்பிடி உடைந்த படிக்கட்டும், மழை பெய்தால் முழங்கால் அளவு நிற்கும் தெருத் தண்ணீருமே. அவர்களையும், அவர்களைப் பார்த்துக்கொள்ளும் மகள்களையும் மருமகள்களையும் மகன்களையும் மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

வழிகாட்டி முழுவதற்கும் அடிப்படையான கருத்து ஒன்று உண்டு. வீட்டில் செய்யப்படும் வழிபாடு தனியே ஓடத் தொடங்கினால் சில மாதங்களில் அது தொலைக்காட்சி பார்ப்பதாகச் சுருங்கிவிடும். அதைப் பங்கின் நேரத்தோடும், பங்கின் ஆட்களோடும், திருச்சபையின் ஆண்டோடும் இணைத்துவிட்டால் படுக்கையில் இருப்பவரும் பங்கின் உறுப்பினராகவே நீடிப்பார். இணைப்பது எப்படி என்பதைத்தான் இனி வரும் படிகள் சொல்கின்றன. சி.எஸ்.ஐ., லுத்தரன் சபைக் குடும்பத்தார் தங்கள் சபைப் போதகரிடம் வீட்டுத் திருவிருந்தைக் கேட்டுப் பெறலாம். குடும்ப ஜெபம், ஆண்டு வழக்கங்கள் பற்றிய பகுதிகளில் அவர்களுக்குப் பயன்படுபவையும் இருக்கும்.

முதற்படி: பங்குக்குத் தெரிவித்தல்

வீட்டில் ஒருவர் முடங்கியிருக்கிறார் என்பது பங்குத்தந்தைக்குத் தானாகத் தெரிந்துவிடும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் உள்ள பங்கில் அது நடப்பதில்லை. ஆகவே பங்கு அலுவலகத்துக்கு ஒருவர் நேரில் சென்று, நோயாளியின் பெயர், வீடு எந்தத் தெருவில் எத்தனையாவது மாடி, எந்த நேரத்தில் அவர் விழித்துத் தெளிவாக இருப்பார், திட உணவை விழுங்க முடியுமா, காது கேட்குமா, வீட்டில் உடனிருப்பவரின் தொலைபேசி எண் என்ன என்ற விவரங்களை ஒரு தாளில் எழுதிக் கொடுப்பது நல்லது. அதே தாளின் நகலை உங்கள் அன்பியத்தின், அதாவது பங்குக்குள் அண்டை வீடுகள் சேர்ந்த சிறு குழுவின், பொறுப்பாளரிடமும் கொடுங்கள். பங்கில் மரியாயின் சேனையோ வின்சென்ட் தே பவுல் சபையோ இயங்கினால், வீடு தேடிச் சென்று நோயாளிகளைச் சந்திப்பதைத் தங்கள் பணியாகவே வைத்திருப்பவர்கள் அவர்கள் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

வடசென்னையில் அடிக்கடி காணும் சிக்கல் ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். ராயபுரத்திலோ காசிமேட்டிலோ வாழ்ந்த பெற்றோர், வயதான பின் மாதவரத்திலோ கொளத்தூரிலோ மணலியிலோ இருக்கும் மகள் வீட்டுக்குக் குடிபெயர்கிறார்கள். மனத்தளவில் அவர்கள் இன்னும் புனித இராயப்பர் ஆலயத்துப் பங்கு மக்களாகவே இருக்கிறார்கள். பங்கின் குடும்ப அட்டையும் அங்கேயே இருக்கிறது. ஆனால் பங்கு என்பது பொதுவாக வாழும் இடத்தைப் பொறுத்தது என்பதால், வீடு தேடி வர வேண்டிய பொறுப்பு புதிய இடத்துப் பங்குத்தந்தையுடையதாகிவிடுகிறது, அவருக்கோ இவர்களைத் தெரியாது. பழைய ஆலயத்தின் மீதுள்ள பற்றை விட வேண்டியதில்லை. திருவிழாக் காணிக்கையை அங்கேயே தொடர்ந்து அனுப்பலாம். ஆனால் புதிய பங்கில் பெயரைப் பதிவுசெய்வதைத் தள்ளிப்போடக் கூடாது. பதிவு இல்லாத நிலையில் நள்ளிரவில் ஒரு குருவானவரைத் தேடி அலையும் குடும்பத்தின் தவிப்பு மிகக் கடுமையானது.

செபத்துக்கான இடம்

சிறிய வீடுகளில் தனிச் செப அறை கேட்பது நியாயமில்லை. ஒரு சுவர்ப் பலகை போதும். ஆனால் அது படுக்கையிலிருந்து தலையைத் திருப்பாமல் பார்க்கக்கூடிய இடத்தில் இருக்க வேண்டும். பல வீடுகளில் திரு இருதய ஆண்டவர் படம் வாசலை நோக்கி முன்னறையில் இருக்கும், நோயாளி உள்ளறையில் படுத்திருப்பார். அப்படியானால் ஒரு பாடுபட்ட சுரூபத்தையும் மாதா படத்தையும் உள்ளறைக்குக் கொண்டுபோங்கள். அருகே திருவிவிலியம், கைக்கு எட்டும் தூரத்தில் செபமாலை, பாஸ்கா (உயிர்ப்புப் பெருவிழா) இரவில் மந்திரிக்கப்பட்ட தீர்த்தம் ஒரு சிறு புட்டியில் இருக்கட்டும். வீட்டை மந்திரிக்கக் குருவானவரை அழைக்கும்போது, அந்த உள்ளறையையும் மறக்காமல் மந்திரிக்கச் சொல்லுங்கள்.

மெழுகுதிரி குறித்து ஒரு கண்டிப்பான சொல்: ஆக்சிஜன் சிலிண்டரோ ஆக்சிஜன் செறிவூட்டும் கருவியோ பயன்படும் அறையில் திரியோ சாம்பிராணியோ ஏற்றவே கூடாது. மின்கலத்தில் எரியும் விளக்கு போதுமானது.

நாளின் நேரங்கள்

காலை ஆறு, நண்பகல், மாலை ஆறு ஆகிய நேரங்களில் சொல்லப்படும் மூவேளை செபம் வீட்டில் இருப்பவருக்கு மிகப் பொருத்தமானது. இரண்டு நிமிடங்களில் முடிந்துவிடும், மணியோசை கேட்கும் வீடுகளில் நினைவூட்டவும் யாரும் தேவையில்லை. குடும்பச் செபமாலைக்கு நேரம் குறிக்கும்போது உங்கள் வீட்டின் உண்மையான ஓட்டத்தைப் பாருங்கள். தண்ணீர் லாரி வரும் நேரத்திலும், பள்ளிப் பிள்ளைகள் டியூஷனிலிருந்து திரும்பாத நேரத்திலும் வைத்தால் அது நிலைக்காது. துறைமுகத்தில் ஷிப்ட் வேலைக்குச் செல்பவர்கள், நள்ளிரவுக்குப் பின் கடலுக்குப் போகிறவர்கள் உள்ள வீடுகளில், அவர்கள் கிளம்பும் முன் செபமாலையின் பத்து மணிகளை மட்டும் சேர்ந்து சொல்லிவிட்டு மீதியைப் பெரியவர் தொடர்வது நல்ல ஏற்பாடு. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம் இருப்பதால், விசைப்படகு வீடுகளில் ஆண்கள் இரவில் வீட்டில் இருக்கும் அரிய பருவம் அது. மாதாவின் மே மாதமும் திரு இருதயத்தின் ஜூன் மாதமும் அதனுள் வருகின்றன. முழுக் குடும்பச் செபமாலையைத் தொடங்க அதைவிட நல்ல காலம் இல்லை.

செபமாலை சொல்லும்போது தியானிக்கும் இயேசு, மாதாவின் வாழ்வு நிகழ்வுகளை மறைபொருள்கள் என்கிறோம். திங்களும் சனியும் மகிழ்ச்சி நிறை மறைபொருள்கள், செவ்வாயும் வெள்ளியும் துயர மறைபொருள்கள், புதனும் ஞாயிறும் மகிமை நிறை மறைபொருள்கள், வியாழன் ஒளி நிறை மறைபொருள்கள் என்பது இன்றைய ஒழுங்கு. இவற்றில் ஒளியின் மறைபொருள்களைத் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 2002-இல் சேர்த்தார். வயதானவர்கள் சிலர் பழைய ஒழுங்கிலேயே சொல்வார்கள். "பரமண்டலங்களிலே இருக்கிற எங்கள் பிதாவே" என்றும், "பிரியதத்தத்தினாலே பூரண மரியே வாழ்க" என்றும் அவர்கள் வாயில் பழைய செபங்கள் வரும்போது யாரும் திருத்த வேண்டாம். மறதி நோய் வந்து பிள்ளைகளின் பெயரே நழுவிப்போன நிலையிலும் சிறுவயதில் மனனம் செய்த செபங்கள் தங்கியிருப்பதுண்டு. அவர்களோடு சேர்ந்து நாமும் பழைய செபத்தையே சொல்வதுதான் அன்பு.

ஞாயிற்றுக்கிழமை

முதலில் ஒரு மனச்சுமையை இறக்கி வைப்போம். நோயாலும் முதுமையாலும் திருப்பலிக்கு வர இயலாதவருக்கு ஞாயிறு கடமையை மீறிய பாவம் இல்லை. நோயாளியைத் தனியே விட்டு வர முடியாத பராமரிப்பாளருக்கும் இது பொருந்தும். 1983-இன் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, இயலாத நிலையில் இருப்பவர்கள் தனியாகவோ குடும்பமாகவோ தகுந்த நேரம் செபத்தில் செலவிடுமாறு பரிந்துரைக்கிறது. சாவான பாவத்தில் இருக்கிறேன் என்று கண்ணீர் விடும் பாட்டிகளுக்கு இதைப் பங்குத்தந்தையே நேரில் சொல்லச் செய்தால் மனம் ஆறும்.

தொலைக்காட்சியிலோ கைபேசியிலோ திருப்பலி காணும்போது, உங்கள் பங்கிலிருந்து நேரலை இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். மாதா தொலைக்காட்சியின் திருப்பலி தெளிவாக இருக்கலாம். ஆனால் சொந்தப் பங்கின் அறிவிப்புகள், இறந்தவர்களின் பெயர்கள், திருமண அறிவிப்பு ஓலைகள், பழக்கமான பாடகர் குழுவின் குரல் ஆகியவை வேறெங்கும் கிடைக்காதவை. பதிவுசெய்யப்பட்டதை மதியச் சாப்பாட்டோடு பார்ப்பதைவிட, பங்கு மக்கள் கூடியிருக்கும் அதே நேரத்தில் பார்ப்பது மேலானது. அன்று காலை பெரியவரைக் குளிப்பாட்டியோ துடைத்தோ நல்ல துணி உடுத்தி, முடிந்தால் நாற்காலியில் உட்காரவைத்து, நற்செய்தி வாசகத்தின்போது வீட்டில் எழுந்து நிற்கக்கூடியவர்கள் எழுந்து நின்றால், பிள்ளைகளுக்கும் நடப்பது என்னவென்று புரியும். திரைக்கு முன் அப்பமும் இரசமும் வைத்துத் தயாராக இருப்பது கொரோனா காலத்தில் சில வீடுகளில் காணப்பட்டது. திரை வழியாக அவை நற்கருணையாக, அதாவது கிறிஸ்துவின் உடலும் இரத்தமுமாக, மாறுவதில்லை என்பதால் அந்த வழக்கம் வேண்டாம். திருவிருந்து நேரத்தில், ஆண்டவரே உள்ளத்தில் எழுந்தருளும் என்று வேண்டும் ஆன்மீக நற்கருணை செபத்தைச் சொல்லி, சிறிது நேரம் அமைதியாக இருங்கள்.

இணைய வசதியோ மின்சாரமோ இல்லாத நாட்களும் வரும். 2023 டிசம்பர் 3-ஆம் நாள், கிறிஸ்து பிறப்புக்கு ஆயத்தமாகும் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. அன்றுதான் மிக்ஜாம் புயலின் பெருமழையும் தொடங்கியது. அடுத்த நாட்களில் வடசென்னையின் பல தெருக்கள் தண்ணீரிலும் இருட்டிலும் கிடந்தன. அத்தகைய நாளுக்காக, திரை இல்லாமலே செய்யக்கூடிய வீட்டு வழிபாட்டை ஒரு தாளில் எழுதி விவிலியத்துக்குள் வைத்திருப்பது பயன்படும். சிலுவை அடையாளம், பாவ மன்னிப்பு வேண்டல், ஞாயிற்றுக்குரிய வாசகங்கள், பதிலுரைப் பாடல், நற்செய்தி, இரண்டு நிமிட மௌனம், விசுவாசப் பிரமாணம், நோயாளிகளுக்கும் இறந்தவர்களுக்கும் அண்டை வீட்டாருக்குமான மன்றாட்டு, கர்த்தர் கற்பித்த செபம், ஆன்மீக நற்கருணை செபம், ஒரு மாதா பாடல். இறுதியில் "ஆண்டவர் நம்மை ஆசீர்வதிப்பாராக" என்று தங்களையும் சேர்த்து வேண்டி முடிக்க வேண்டும். கை உயர்த்தி ஆசீர் அளிப்பது குருவுக்குரியது. வாசகங்களைக் கண்டுபிடிப்பது கடினமில்லை. ஞாயிறு வாசகங்கள் மூன்றாண்டுச் சுழற்சியில் வருகின்றன. ஆண்டின் எண் மூன்றால் மீதியின்றி வகுபட்டால் அது மூன்றாம் ஆண்டு. அதற்கு அடுத்தவை முறையே முதலாம், இரண்டாம் ஆண்டுகள். திருவழிபாட்டு ஆண்டு டிசம்பருக்கு முன்னரோ டிசம்பர் தொடக்கத்திலோ திருவருகைக் காலத்தோடு தொடங்கிவிடும் என்பதை மட்டும் கணக்கில் கொள்ள வேண்டும்.

நற்கருணை வீட்டுக்கு வரும்போது

இந்த வழிகாட்டியின் மிக முக்கியமான பகுதி இதுவே. செபமாலையும் திரைத் திருப்பலியும் எவ்வளவு உதவினாலும் அவை நற்கருணைக்கு ஈடாக மாட்டா. ஆகவே மாதத்துக்கு ஒருமுறையாவது, முதல் வெள்ளியன்று என்றால் இன்னும் நல்லது, நற்கருணை வீட்டுக்கு வர ஏற்பாடு செய்யுங்கள். குருவானவரே வர வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். பங்கில் நியமிக்கப்பட்ட நற்கருணைப் பணியாளர்கள், பொதுநிலையினரோ அருட்சகோதரிகளோ, கொண்டுவரலாம். "சாமியார் வந்தால்தான் வாங்குவேன்" என்று மறுக்கும் பெரியவர்களிடம், கொண்டுவரும் கை எதுவானாலும் வருபவர் அதே ஆண்டவர் என்று பொறுமையாகச் சொல்லிப் புரியவையுங்கள்.

ஏற்பாடு எளிமையானது. படுக்கைக்கு அருகே ஒரு சிறு மேசை, அதன்மேல் தூய வெள்ளைத் துணி, சிலுவை, இரண்டு திரிகள் (ஆக்சிஜன் பயன்படும் அறையில் மின்கல விளக்குகள்), தீர்த்தம், ஒரு குவளை குடிநீர். பணியாளர் நற்கருணைச் சிமிழைச் சுமந்து வருகிறார் என்பதால் வாசலில் நின்று ஊர்க்கதை பேசாமல், தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, ஒருவர் திரியோடு வாசலுக்குச் சென்று அழைத்து வருவது நம் முன்னோர் காட்டிய மரியாதை. பேச்சும் காபியும் வழிபாடு முடிந்த பிறகு. அன்று வீட்டில் இருக்கும் மற்றவர்களும், பராமரிப்பவரும், தகுதியான நிலையில் இருந்தால் நற்கருணை வாங்கலாம். எத்தனை பேர் என்பதை முந்தின நாளே சொல்லிவிடுங்கள்.

பலருக்கும் தெரியாத செய்திகள் சில உண்டு. நற்கருணைக்கு முன் ஒரு மணி நேரம் உண்ணாதிருக்கும் ஒழுங்கு முதியோருக்கும் நோயாளிகளுக்கும் அவர்களைப் பராமரிப்போருக்கும் கட்டாயமில்லை. சர்க்கரை நோய்க்கு மாத்திரை போட்டுக் காலை உணவு உண்டவர் தயங்க வேண்டியதில்லை. விழுங்குவதில் சிரமம் இருந்தால் அப்பத்தின் மிகச் சிறிய துகளைக் கொடுத்து, உடனே தண்ணீர் கொடுக்கலாம். அதுவும் முடியாதவருக்குத் திரு இரத்தத்தை மட்டும் வழங்கத் திருச்சபைச் சட்டம் இடம் தருகிறது, அதற்குக் குருவானவரிடம் முன்கூட்டியே பேசுங்கள். பெரிய வியாழனும் பெரிய வெள்ளியும் நோயாளிகளுக்கு எந்த நேரத்திலும் நற்கருணை கொண்டுபோகலாம். பெரிய சனியன்று மட்டும் சாகும் நிலையில் இருப்பவருக்கு வழியுணவாகவே தரப்படும்.

ஒப்புரவும் நோயில் பூசுதலும்

பாவசங்கீர்த்தனம், அதாவது குருவிடம் பாவங்களை அறிக்கையிடுவது, தொலைபேசியில் செல்லாது. குரு நேரில் வர வேண்டும். கிறிஸ்து பிறப்புக்கும் பாஸ்காவுக்கும் முந்தைய இரண்டு வாரங்களில் குருக்களுக்கு வேலை மிகுதியாக இருக்கும் என்பதால், திருவருகைக் காலத்தின் தொடக்கத்திலும் தவக்காலத்தின் தொடக்கத்திலுமே தேதி கேட்டுவிடுங்கள். அவர் வரும்போது வீட்டார் வெளியே சென்றுவிட வேண்டும். ஒற்றை அறை வீடாக இருந்தால் வராந்தாவில் நிற்கலாம். காது கேளாதவருக்காகக் குரலை உயர்த்திப் பேச வேண்டியிருக்கும் என்பதால் அக்கம்பக்கத்தாரையும் சற்று விலகி நிற்கச் சொல்வதில் தவறில்லை.

நோயில் பூசுதலைப் பற்றிய அச்சம் இன்னும் நம் வீடுகளை விட்டுப் போகவில்லை. சாகும் தறுவாயில் தரும் அவஸ்தைப் பூசுதல் என்று அழைக்கப்பட்ட காலத்தின் நினைவு அது. எண்ணெய் பூசினால் நாள் நெருங்கிவிட்டது என்று நோயாளியே கலங்குவார். யாக்கோபின் திருமுகம் 5-ஆம் அதிகாரம் சொல்வது நோயுற்றவருக்கான செபத்தையும் எண்ணெயையும் பற்றியே. கடுமையான நோயோ முதுமைத் தளர்ச்சியோ தொடங்கும்போதே இதைப் பெறலாம். பெரிய அறுவைச் சிகிச்சைக்கு முன் பெறலாம். நலமடைந்து மறுபடி விழுந்தாலும், அதே நோய் முற்றினாலும் மீண்டும் பெறலாம். பிப்ரவரி 11 பெரம்பூர் லூர்து அன்னையின் திருநாள். 1858-இல் லூர்து நகரில் மாதா முதலில் காட்சி தந்த அந்த நாளையே, திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1992-இல் உலக நோயாளர் நாளாக அறிவித்தார். அந்த வாரத்தில் வீட்டிலேயே நோயில் பூசுதலை வேண்டிப் பெறுவதாகக் குடும்பத்தில் ஒரு வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டால், அச்சம் மெல்ல விலகி அது லூர்து மாதாவின் திருவிழாவோடு சேர்ந்துவிடும்.

ஆண்டின் ஓட்டம்

வீட்டோடு இருப்பவருக்கு எல்லா நாட்களும் ஒரே நிறத்தில் இருப்பதுதான் பெரும் துயரம். திருச்சபையின் ஆண்டு அந்த ஒற்றை நிறத்தை உடைக்கிறது. பங்கின் நாட்காட்டியைப் படுக்கைக்கு எதிரே மாட்டி, பிள்ளைகளைக் கொண்டு திருநாட்களை வண்ணப் பேனாவால் குறிக்கச் செய்யுங்கள்.

திருவருகைக் காலத்தில் மூன்று ஊதாத் திரியும் ஒரு இளஞ்சிவப்புத் திரியும் கொண்ட வளையம் வையுங்கள். குடில் கட்டும் வேலையில் பெரியவருக்கு ஒரு பங்கு கட்டாயம் இருக்க வேண்டும்: வைக்கோல் பிரித்துத் தரலாம், இடையர் சுரூபங்களைத் துடைத்துத் தரலாம், 24-ஆம் தேதி இரவு பாலன் சுரூபத்தை அவர் கையாலேயே தொட்டிலில் வைக்கலாம். அதிரசத்துக்குப் பாகு பதம் பார்ப்பதும், அச்சுமுறுக்கு மாவின் பக்குவம் சொல்வதும் அவர்களுக்கு மட்டுமே தெரிந்த கலை. மாவுப் பாத்திரத்தைப் படுக்கைக்கே கொண்டுபோய்க் கேளுங்கள். அவற்றைத் தட்டில் வைத்து இந்து, முஸ்லிம் அண்டை வீடுகளுக்குக் கொடுத்தனுப்பும்போது, பெரியவரின் பெயரைச் சொல்லியே கொடுக்கச் செய்யுங்கள்.

சாம்பல் புதனன்று மந்திரிக்கப்பட்ட சாம்பலை நற்கருணைப் பணியாளரே வீட்டுக்குக் கொண்டுவந்து பூசலாம். ஒருசந்தி (ஒருவேளை மட்டும் முழு உணவு உண்ணும் நோன்பு) 59 வயது வரைதான் கடமை. நோயாளிக்கு எந்த வயதிலும் இல்லை. பிடிவாதமாக உபவாசம் இருக்கத் துடிக்கும் தாய்மார்களுக்கு மாற்றாக, நம் பழைய பிடியரிசி வழக்கத்தைக் கொடுங்கள்: ஒவ்வொரு நாளும் உலை வைக்கும் முன் ஒரு பிடி அரிசியை அவர் கையால் தனிப்பானையில் போடச் செய்து, தவக்கால முடிவில் பங்கின் ஏழைக் குடும்பம் ஒன்றுக்கு அனுப்பலாம். வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப்பாதையின் பதினான்கு நிலைகளையும் படுக்கையைச் சுற்றிச் சுவரில் சிறு படங்களாக ஒட்டி, பிள்ளைகள் ஒவ்வொன்றின் முன்னும் முழந்தாளிட்டு வாசிக்கலாம். குருத்து ஞாயிறன்று ஆலயத்துக்குச் செல்பவர் ஓர் ஓலை கூடுதலாகக் கொண்டுவரட்டும். ஓலையில் சிலுவை முடையத் தெரிந்த பாட்டி அதைப் பேத்திக்குக் கற்றுக்கொடுக்கட்டும். பழைய ஓலையைக் குப்பையில் போடாமல், அடுத்த ஆண்டுச் சாம்பலுக்காக ஆலயத்தில் திருப்பிக் கொடுங்கள். பெரிய வெள்ளிக் கஞ்சியை எல்லோரும் அந்த அறையிலேயே அமர்ந்து குடியுங்கள்.

ஆலயத் திருவிழாவில் தேர் எந்தத் தெரு வழியாக வரும் என்பதை விழாக் குழுவிடம் முன்பே கேட்டறிந்து, வாசலிலோ சன்னலருகிலோ பெரியவரை உட்காரவைக்க முடியுமா என்று பாருங்கள். தேர் வர முடியாத சந்தாக இருந்தால், அன்பியத்தார் வீடு வீடாகக் கொண்டுசெல்லும் மாதா சுரூபத்தை அக்டோபரில் ஓரிரவு உங்கள் வீட்டில் தங்கவைக்கக் கேளுங்கள். ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரையிலான வேளாங்கண்ணி மாதா திருவிழாவுக்குக் காவி உடுத்தி நடந்து செல்லும் இளைஞர்கள் கிளம்பும் முன் அந்தப் பெரியவரிடம் நெற்றியில் சிலுவை வாங்கிச் செல்லட்டும். அவர் வேண்டுதலைச் சுமந்து செல்வது அவர்கள் பொறுப்பு. நவம்பர் 2, கல்லறைத் திருநாளில், காசிமேட்டுக் கல்லறைக்குப் போக முடியாதவர் வீட்டில் இறந்தோரின் பெயர்களைச் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். எந்தக் கல்லறை யாருடையது, யாருக்கு எப்போது பூசைக் கருத்து (அவருக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கும் வேண்டுகோள்) கொடுக்க வேண்டும் என்ற அறிவு பல குடும்பங்களில் ஒரே ஒருவரிடம்தான் இருக்கிறது.

பெரியவரிடம் வேலை கொடுத்தல்

பங்கு அவருக்குச் செய்வதோடு நின்றுவிடாமல், அவர் பங்குக்குச் செய்வதும் இருக்க வேண்டும். புதுநன்மை (முதல் நற்கருணை) வாங்கும் பிள்ளைகளின் பெயர்கள், பொதுத் தேர்வு எழுதுவோர், கடலில் இருப்போர், மருத்துவமனையில் இருப்போர் என்ற பட்டியலை அன்பியப் பொறுப்பாளர் வாரந்தோறும் கொடுத்து, நாளுக்கு ஒரு பெயராகச் செபிக்கக் கேட்கலாம். மறைக்கல்வி மாணவர்கள் மாதம் ஒருமுறை வந்து செபமாலை சொல்லலாம். அவர்களுக்குப் பழைய மாதா பாடல்களைக் கற்றுக்கொடுக்கட்டும், யாராவது ஒருவர் அவற்றைக் கைபேசியில் பதிவுசெய்துகொள்ளட்டும்.

பராமரிப்பவருக்கான ஞாயிறு

வீட்டில் ஒருவர் முடங்கும்போது இன்னொருவரும் சேர்ந்தே முடங்குகிறார். பெரும்பாலும் அவர் ஒரு பெண். ஆண்டுக்கணக்கில் திருப்பலிக்குப் போகாததை அவர் வெளியே சொல்வதும் இல்லை. ஆகவே அன்பியத்தில் நேரடியாகக் கேளுங்கள்: சனிக்கிழமை மாலைத் திருப்பலியோ ஞாயிறு காலையோ, ஒன்றரை மணி நேரம் நோயாளியோடு உட்கார முறைவைத்து ஆட்கள் வர முடியுமா? சனி மாலைத் திருப்பலி ஞாயிறு கடமையை நிறைவேற்றும் என்பதால், ஞாயிறு அதிகாலையே மீன் வியாபாரத்தில் இறங்கும் காசிமேட்டுக் குடும்பங்களிலும் இது நடக்கக்கூடியதே. வருபவருக்கு மருந்து நேரம், அவசரத் தொலைபேசி எண், கழிப்பறை உதவி தேவைப்பட்டால் என்ன செய்வது ஆகியவற்றை ஒரு அட்டையில் எழுதிக் கட்டிலருகே தொங்கவிடுங்கள். அதன் கீழேயே பங்கு அலுவலக எண்ணையும், உடல்நிலை மோசமானால் இரவிலும் அழைக்கக்கூடிய குருவானவரின் எண்ணையும் சேர்த்து எழுதிவிடுங்கள்.